வாயில்லா ஜீவன்களும் உலோக நஞ்சும்



தமிழிலே மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. தோட்டப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு பசுக்கள், செம்பனை நிழலில் மேயும் நாலைந்து ஆடுகள், கால்வாயில் நீந்தும் சில வாத்துகள் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு அதுதான் சேமிப்புப் புத்தகம். மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது ஒரு கன்று விற்கப்படும். மகளின் திருமணத்துக்கு ஒரு மாடு விற்கப்படும். ஆகவே ஒரு பசு திடீரென்று செத்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பேரிழப்பு.

அப்படி ஒரு பசு செத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் என்ன பேசுகிறார்கள்? "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "யாரோ வேண்டாதவர்கள் விஷம் வைத்துவிட்டார்கள்" என்பார் மற்றொருவர். அண்டை வீட்டாரோடு சண்டை மூண்டு, ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோவதும் உண்டு. உண்மையில் விஷம் இருந்திருக்கலாம். ஆனால் அதை யாரும் வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள். தூக்கி எறிந்த ஒரு பழைய பேட்டரியிலோ, கழுவாமல் விட்ட ஒரு மருந்து டின்னிலோ, நாமே வாங்கிப் போட்ட தீவனத்திலோ கூட அந்த விஷம் இருந்திருக்கலாம்.

ஆகவே உலோகங்களும் மற்ற நச்சுப் பொருள்களும் கால்நடைகளின் உடலில் எப்படிப் புகுகின்றன, புகுந்து என்ன செய்கின்றன, அவற்றுக்கு என்ன சிகிச்சை உண்டு என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் உலோக நஞ்சின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். இலை உதிர்ந்தால் மட்கிவிடும். இறைச்சி கெட்டால் அழுகி மண்ணாகிவிடும். பூச்சி மருந்துகளில் பல கூட வெயிலிலும் மழையிலும் நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் அப்படியல்ல. இன்று மண்ணில் விழுந்த ஈயம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஈயமாகவே இருக்கும். தீயில் எரித்தாலும் அது அழியாது. புகையோடும் சாம்பலோடும் கலந்து வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

இரண்டாவதாக, எல்லா உலோகமும் பகையல்ல. இரும்பு இல்லாவிட்டால் இரத்தம் ஊறாது. செம்பும் துத்தநாகமும் சிறிதளவு இல்லாவிட்டால் மாடும் ஆடும் வளராது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இந்த உலோகங்களுக்கு அப்படியே பொருந்தும். ஈயம், பாதரசம் ஆகிய இரண்டின் கதை வேறு. இவற்றால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. சிறிதளவும் தீங்குதான்.

இனி, நம் தோட்டங்களோடு நெடுங்காலம் தொடர்புடைய ஒரு நஞ்சிலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் ஆர்சனிக். பாஷாணம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் மருந்தைத் தெளித்தார்கள். வயதான தோட்டத் தொழிலாளர்களுக்கு இது நினைவிருக்கலாம். இந்த மருந்தில் ஒரு பொல்லாத குணம் இருந்தது. அது மாட்டின் நாக்குக்கு உப்புச் சுவையாகப் படும். மாட்டுக்கு உப்பென்றால் உயிர். ஆகவே மருந்து பட்ட புல்லை அது வெறுத்து ஒதுக்காது, தேடிப்போய் நக்கும். ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பெரிய பசுவைக் கொல்லப் போதுமானது.

ஆர்சனிக் உடலில் என்ன செய்கிறது? உடலுக்குள் உணவைச் சக்தியாக மாற்றும் வேலையைச் செய்பவை நொதிகள். ஒவ்வொரு நொதியையும் ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவித் துவாரத்தில் குச்சி ஒடிந்து நின்றுவிட்டால் எந்தச் சாவியும் உள்ளே நுழையாது அல்லவா? அதுபோல, நொதியில் கந்தகம் இருக்கும் இடத்தில் ஆர்சனிக் போய் ஒட்டிக்கொள்கிறது. நொதி வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. குடலின் உட்சுவர் வெந்து உரிகிறது. மாடு வயிற்று வலியால் துடிக்கும்; தண்ணீர்போலக் கழியும், சில வேளைகளில் இரத்தமும் கலந்து போகும்; கால்கள் தள்ளாடும்; உடல் குளிர்ந்துபோகும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ உயிர் போய்விடும்.

சோடியம் ஆர்சனைட் தெளித்த காலம் போய்விட்டது. ஆனால் ஆர்சனிக் அடியோடு போய்விடவில்லை. கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரப்பலகைகள் இருக்கின்றன அல்லவா? பச்சை சாயலோடு இருக்கும் அத்தகைய பலகைகள் பலவற்றில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றப்பட்டிருக்கும். வீட்டை உடைத்துக் கட்டும்போது மிஞ்சும் அந்தப் பலகையை அடுப்பெரிக்கவோ குப்பையோடு கொளுத்தவோ செய்தால், ஆர்சனிக் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலும் உப்புக் கரிக்கும். மாடு வந்து நக்கும். அந்தச் சாம்பலைக் கத்தரிச் செடிக்கு எருவாகவும் போடக் கூடாது. பாத்திரம் துலக்கவும் எடுக்கக் கூடாது.

இதற்கு மருந்து உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அது பிறந்த கதை வியப்பானது. இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் கலந்த லூயிசைட் என்னும் போர் நஞ்சை எதிரிகள் வீசக்கூடும் என்று பிரிட்டன் அஞ்சியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அதற்கு ஒரு மாற்று மருந்தைக் கண்டுபிடித்தார்கள். டைமெர்காப்ரால் என்பது அதன் பெயர். அதில் கந்தகம் இரண்டு கைகளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். நொதியில் ஒட்டிய ஆர்சனிக்கை அந்த இரு கைகளும் பற்றி இழுத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும். நண்டு தன் கொடுக்குகளால் இரையைக் கவ்வுவதைப் போன்றது இது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துத்தான் விஞ்ஞானிகள் இவ்வகை மருந்துகளுக்கே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாமும் இவற்றைக் கொடுக்கு மருந்து என்று சொல்வோம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த ஊசியை மாடு நக்கிய சிறிது நேரத்துக்குள் போட்டால்தான் நல்ல பலன். மாடு படுத்துவிட்ட பிறகு போட்டால் பிழைப்பது அரிது. மருந்தின் அளவு கூடினால் அதுவே நஞ்சாகும். ஆகவே இது கால்நடை மருத்துவர் கையால் போட வேண்டிய மருந்து.

அடுத்ததாக ஈயத்தைப் பார்ப்போம். காரீயம் என்றும் இதைச் சொல்வார்கள். நம் வீட்டுப் பக்கத்தில் ஈயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் மாணவர்கள் பென்சிலில் இருக்கிறது என்பார்கள். பென்சிலில் இருப்பது ஈயமல்ல, காரீயகம் என்னும் ஒருவகைக் கரி. ஈயம் இருப்பது மோட்டார் சைக்கிள், கார், லோரி ஆகியவற்றின் பேட்டரியில். ஒரு கார் பேட்டரிக்குள் பல கிலோ ஈயம் இருக்கிறது. பழைய வீடுகளின் கதவு, சன்னல்களில் பூசிய பழஞ்சாயத்திலும் உண்டு. தூண்டிலில் கட்டும் குண்டும் ஈயம்தான்.

பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் தகடுகளை எடுத்து விற்பவர்கள் சிலர் உண்டு. உடைத்த ஓடும், உதிர்ந்த பொடியும் அங்கேயே கிடக்கும். மாடு புதுப்பொருள் எதைக் கண்டாலும் நக்கிப் பார்க்கும். கன்று அதைவிட அதிகமாக நக்கும். விழுங்கிய துண்டுகள் மாட்டின் நான்கு அறை இரைப்பையில், வலைபோன்ற ஓர் அறையில் போய்த் தங்கிவிடும். அங்கே இருந்துகொண்டு, நாள்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேரும்.

ஈயம் மூளையைத் தாக்குகிறது. கன்று பல்லைக் கடிக்கும். வாயில் நுரை தள்ளும். காதுகளும் கண்ணிமைகளும் துடிக்கும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை இருக்காது. சுவரிலோ தூணிலோ தலையை வைத்து அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். பிறகு வலிப்பு வரும். இதைப் பார்ப்பவர்கள் வெறிநோய் என்று எண்ணிவிடுவதுண்டு. எதுவாக இருந்தாலும், இப்படிப்பட்ட மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோயும் அல்ல, ஈயமும் அல்ல என்று மருத்துவர் சொல்லும்வரை எட்டி நிற்பதே நல்லது.

வாத்துகள் வேறு விதமாகச் சிக்கிக்கொள்ளும். பறவைகளுக்குப் பல் கிடையாது. ஆகவே இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். கால்வாய் ஓரத்தில் அறுந்து விழுந்த தூண்டில் குண்டும் அவற்றுக்குக் கல்லாகத்தான் தெரியும். விழுங்கிய பின் கழுத்தும் இறக்கையும் தொங்கி, மெலிந்து சாகும். இங்கிலாந்தின் ஆறுகளில் அன்னப் பறவைகள் இப்படியே ஏராளமாகச் செத்ததால், 1987ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஈயத் தூண்டில் குண்டுகள் விற்பதைத் தடை செய்தார்கள்.

ஈயத்துக்கும் ஒரு கொடுக்கு மருந்து உண்டு. கால்சியம் இ.டி.டி.ஏ. என்று சொல்வார்கள். மருத்துவர் அதை ஊசி மூலம் பல நாள் செலுத்துவார். கூடவே வைட்டமின் பி1 கொடுப்பார். குடலில் மிச்சமிருக்கும் ஈயம் கரையாமலிருக்க எப்சம் உப்பு கொடுப்பதும் உண்டு. தேவையானால் அறுவை செய்து இரைப்பையில் தங்கிய துண்டுகளை எடுப்பார்கள். ஆரம்ப நிலையில் பிழைக்க வாய்ப்பு உண்டு. வலிப்பு வந்த பிறகு வாய்ப்பு மிகக் குறைவு. பிழைத்த மாட்டின் எலும்பிலும் ஈயம் நெடுங்காலம் தங்கியிருக்கும். அதன் பாலில் ஈயம் வரக்கூடும். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் சாகாது. சோதித்துப் பார்த்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

இப்போது செம்பைப் பார்ப்போம். ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்த நஞ்சு குப்பையிலிருந்து வருவதில்லை; நாம் அன்போடு போடும் தீவனத்திலிருந்து வருகிறது.

நம் நாட்டில் செம்பனை ஆலைகள் நிறைய உண்டு. செம்பனைக் கொட்டையின் பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது பிண்ணாக்கு. விலை மலிவு, சத்தும் உண்டு. மாட்டுக்கு நல்ல தீவனம். இதையே செம்மறி ஆட்டுக்கும் வயிறு நிறையப் போட்டால் என்ன ஆகும்? ஒரு மாதம் கொழுகொழுவென்று வளரும். இரண்டு, மூன்று மாதமும் நன்றாகவே இருக்கும். பிறகு ஒருநாள் காலையில் தீனி தின்னாமல் ஒதுங்கி நிற்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியும் ஈறும் மஞ்சளாக மாறியிருக்கும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போகும். ஓரிரு நாளில் செத்துவிடும்.

காரணம் இதுதான். ஒரு கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிகிராம் வரை செம்பு இருந்தால் செம்மறி ஆட்டுக்குப் போதும். செம்பனைப் பிண்ணாக்கில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. மாடு தனக்கு மிஞ்சிய செம்பைப் பித்தநீர் வழியே ஓரளவு வெளியேற்றிவிடும். வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறி ஆட்டுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. மிஞ்சியதையெல்லாம் அது ஈரலில் சேர்த்து வைக்கும். பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நிரம்புவதைப்போல, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேரும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாது. ஒருநாள் மழையில் நனைந்தோ, லோரியில் ஏற்றிப் போன களைப்பாலோ, பட்டினியாலோ ஆட்டுக்கு அதிர்ச்சி ஏற்படும்போது பானை உடைந்துவிடும். ஈரலிலிருந்த செம்பு முழுவதும் இரத்தத்தில் பாயும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் வெடித்துச் சிதையும். அந்தச் சிதைவுதான் சிறுநீரில் கறுத்து வருகிறது. சிறுநீரகமும் அடைத்துக்கொள்கிறது.

இந்நிலை வந்த ஆட்டைக் காப்பாற்றுவது கடினம். ஆனால் அதே பட்டியில் இருக்கும் மற்ற ஆடுகளைக் காப்பாற்றலாம். ஒன்று செத்தால், மற்றவற்றின் ஈரலிலும் பானை நிறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே பிண்ணாக்கை நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் சொன்னால் அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் கலந்த மருந்தை அளவோடு கொடுப்பார். மாலிப்டினம் என்பதும் ஓர் உலோகம்தான். அது செம்பைக் கட்டிப்போட்டு வெளியேற்ற உதவுகிறது. துத்தநாகத்தைத் தீவனத்தில் சிறிதளவு சேர்த்தால் செம்பு ஈரலில் சேர்வது குறையும் என்பதை நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே செம்மறி ஆடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஒரு நஞ்சுக்கு இன்னோர் உலோகம் மருந்தாவதைப் பாருங்கள்! ஆயினும் எல்லாவற்றிலும் எளிய மருந்து அளவுதான். செம்மறி ஆட்டின் தீவனத்தில் பத்துப் பங்கில் மூன்று பங்குக்கு மேல் செம்பனைப் பிண்ணாக்கு இருக்கக் கூடாது. மிச்சம் புல்லாக இருக்கட்டும். பன்றித் தீவனத்தில் செம்பு கூடுதலாகச் சேர்ப்பார்கள்; அதைச் செம்மறிக்குக் கொடுக்கவே கூடாது. குளம்புப் புண்ணுக்கு மயில்துத்தம் கரைத்து வைத்தால், ஆடு அதைக் குடிக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மயில்துத்தமும் செம்புதான்.

நேயர்களே, இதுவரை சொன்ன நஞ்சுகள் நம் கண்ணெதிரே உள்ள பொருள்களிலிருந்து வந்தவை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலந்து, மீன் வழியாக வந்த நஞ்சு ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்ல நாம் ஜப்பான் வரை போய்வர வேண்டும். மிருகங்களுக்கு வரும் நோயை மனிதர்கள் அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஜப்பானின் தென்பகுதியில் மினமாட்டா என்று ஒரு மீனவர் ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயனத் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டுவந்தது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பாதரசத்தை உட்கொண்டன. அவற்றைச் சிறு மீன்கள் தின்றன. சிறு மீன்களைப் பெரிய மீன்கள் தின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு திரண்டுகொண்டே வந்தது. 1950களில் அந்த ஊர்ப் பூனைகளுக்கு ஒரு விந்தையான நோய் கண்டது. அவை தள்ளாடின, சுழன்றன, வலிப்பு வந்து துள்ளின, சில கடலில் விழுந்து செத்தன. பூனை ஆட்டம் ஆடுகிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். காகங்களும் பறக்க முடியாமல் கீழே விழுந்தன.

பூனை தின்ற மீனைத்தான் மனிதர்களும் தின்றார்கள். 1956ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று, தொழிற்சாலை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹோசோகாவா, இனம் தெரியாத மூளை நோய் ஒன்று பரவியிருப்பதாக அரசாங்கத்துக்கு அறிவித்தார். முதலில் கண்டவர்களில் சிறு குழந்தைகள் இருந்தார்கள். அதே மருத்துவர் 1959இல் தொழிற்சாலைக் கழிவு நீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. அந்த முடிவை நிறுவனம் வெளியே விடவில்லை. 1968இல்தான் அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். தாய் நலமாக இருக்க, கருவிலிருந்த குழந்தை ஊனமாகப் பிறந்த கொடுமையும் நடந்தது. பாதரசத்தைக் கொடுக்கு மருந்துகளால் ஓரளவு வெளியேற்றலாம். ஆனால் அழிந்துபோன மூளையை எந்த மருந்தாலும் திரும்பப் பெற முடியாது.

அந்த ஊர்ப் பூனைகள் தங்களால் இயன்ற மொழியில் முன்கூட்டியே சொல்லிவிட்டன. கேட்கத்தான் ஆளில்லை.

இனி, உலோகம் அல்லாத தோட்ட மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாராகுவாட் என்னும் புல் மருந்து 1960களிலிருந்து நம் தோட்டங்களில் புழங்கியது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. பழைய டின் எங்காவது ஒரு மூலையில் இருந்தால், அதைத் தொடாமல் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதைக் குடித்த நாயின் நுரையீரல் சில நாள்களில் இறுகி, மூச்சு விட முடியாமல் சாகும்.

பூச்சி மருந்துகளில் ஆர்கனோ பாஸ்பேட் என்று ஒரு வகை உண்டு. அதனால் பாதிக்கப்பட்ட மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், உடல் நடுங்கும், மூச்சு இரைக்கும். இதற்கு அட்ரோபின் என்ற நல்ல மாற்று மருந்து உண்டு. விரைந்து ஊசி போட்டால் காப்பாற்றலாம்.

எலி மருந்து மற்றொன்று. செம்பனைக் காட்டில் எலிக்காக வைக்கும் மெழுகுக் கட்டிகளில் பெரும்பாலானவை இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. அதைத் தின்ற நாய் உடனே சாகாது. மூன்று நான்கு நாள் கழித்து மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும், சோர்ந்து படுக்கும். வைட்டமின் கே1 என்னும் மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் பிழைக்கும். நஞ்சு தின்ற எலியைத் தின்னும் ஆந்தைக்கும் அதே கதிதான். எலி பிடிப்பதற்காகத் தோட்டங்களில் கூடு கட்டி வைத்து வளர்க்கும் கூகை ஆந்தையை நாமே கொன்றால், எலிக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, நம் மாடோ ஆடோ நாயோ நஞ்சு தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அந்த இடத்திலிருந்து எல்லாக் கால்நடைகளையும் அப்புறப்படுத்துங்கள். நிழலில் கட்டி, சுத்தமான தண்ணீர் வையுங்கள். உடம்பில் மருந்து பட்டிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சவர்க்கார நீரால் கழுவுங்கள்.

இரண்டாவது, எதைத் தின்றது என்று தேடுங்கள். டின் கிடைத்தால் அதன் லேபிளைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள். லேபிளில் உள்ள பெயர்தான் மருத்துவருக்கு வழிகாட்டி. லேபிளில் ஒரு நிறப்பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாக வெள்ளை.

மூன்றாவது, காலம் தாழ்த்தாமல் பக்கத்து ஊரிலுள்ள கால்நடை இலாகா அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், நாளைக்கு மருந்து பலிக்காது.

நான்காவது, செய்யக் கூடாதவை. வாயில் எண்ணெயோ புளிக்கரைசலோ உப்பு நீரோ ஊற்றாதீர்கள். மாடு நம்மைப்போல வாந்தி எடுக்காது. நடுங்கும் மாட்டின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய் அதுவே அதைக் கொன்றுவிடும். அடுப்புக் கரியைப் பொடி செய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் கொடுக்கும் கரி தனியாகத் தயாரிக்கப்பட்டது. அது பூச்சி மருந்து சிலவற்றை ஈர்த்துக்கொள்ளும். ஆனால் அதுவும் உலோகங்களை அவ்வளவாகப் பற்றாது.

ஐந்தாவது, சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாகப் போகிற மாட்டை அவசரமாக அறுத்து, இறைச்சியைப் பங்கு போட்டு விற்கக் கூடாது. நட்டத்தில் பாதியாவது வரட்டும் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் உலோகம் அதிகமாகத் தங்குகிறது. வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவர் பார்த்த பிறகு, ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, வருமுன் காப்பது எவ்வளவு எளிது என்பதையும் பாருங்கள். மருந்தடித்த காட்டில், லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை மாட்டை விடாதீர்கள். எந்தக் காட்டில் என்றைக்கு மருந்தடிக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலி டின்னை மூன்று முறை கழுவி, மறுபடி யாரும் புழங்க முடியாதபடி துளையிட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். அந்த டின்னை மாட்டுத் தண்ணீருக்கும் வைக்காதீர்கள், வீட்டுத் தண்ணீருக்கும் வைக்காதீர்கள். பழைய பேட்டரியை உடைக்காமல் முழுதாகக் கடையில் கொடுத்துவிடுங்கள். கொட்டகையில் கால்நடைக்கென்று விற்கும் உப்புக்கட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். உப்புக் கிடைக்கும் மாடு கண்டதையெல்லாம் நக்குவது குறையும். செம்மறி ஆடு வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டியில் செம்பு சேர்க்கப்படவில்லை என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, ஓர் ஆசிரியன் என்ற முறையில் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கன்று நக்கும் அதே இடத்தில்தான் தவழும் குழந்தையும் கையை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. கன்றைக் கொல்லும் அளவுக்கு ஈயம் குழந்தையின் உடலில் போய்விட வேண்டும் என்பதில்லை. மிகச் சிறிதளவு போனாலே போதும். குழந்தை சாகாது, காய்ச்சலும் வராது. ஆனால் பள்ளிக்கு வரும்போது கவனம் நிற்காது. படித்தது மனத்தில் தங்காது. பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று வீட்டில் திட்டுவார்கள், பள்ளியிலும் திட்டுவார்கள். அந்தப் பிள்ளையின் அறிவைப் பறித்தது கொட்டகைக்குப் பின்னால் உடைந்து கிடந்த பேட்டரி என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடலாம்.

ஆகவே கொட்டகையில் ஒரு மாடோ, முற்றத்தில் ஒரு பூனையோ காரணம் தெரியாமல் நோயுற்றால், அதை ஒரு மிருகத்தின் நோய் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது தின்றது என்ன, குடித்தது என்ன, நக்கியது என்ன என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கண்டால் அடுத்த மாட்டைக் காப்பாற்றலாம். வீட்டிலுள்ள குழந்தையையும் காப்பாற்றலாம்.